சாரலில் அழிந்த குறி

அத்தா எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் மேலேதான் பார்ப்பார். கல்யாண மண்டபமோ ரேஷன் கடையோ, கூரையைத் தாங்கும் இரும்பை ஒருமுறை கண்ணால் தடவிவிட்டுத்தான் உட்கார இடம் தேடுவார். என் சின்னம்மா மகள் ஃபாயிஸாவின் நிக்காஹ்வில் மாப்பிள்ளை வீட்டார் வந்து கைகொடுத்தபோதுகூட அண்ணாந்து பார்த்தபடியே கையை நீட்டினார்.

"மாப்ளை வீட்டுக்காரவுக கீழதான் நிக்காக. மேல பாத்துக்கிட்டு யாருக்கு சலாம் சொல்லுதீக?" என்றாள் அம்மா.

"மூணாவது சட்டத்துல வெல்டிங்கு பொத்துப் பொத்தா இருக்கு. அதுக்கு நேர் கீழ பந்தியப் போட்டுருக்கானுவ."

"விழுந்தா பிரியாணியிலதான விழும். பேசாம உக்காருங்க."

அவர் பெயர் அன்சார். ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்துக்குப் போகும் பாதையில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. நான் பர்வீன், அவருக்கு ஒரே மகள். போன ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு விடிகாலையில் அத்தா கண்ணை மூடி மவுத்தானார். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கூடவே இன்னும் இரண்டு பேர் வந்து நிற்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு அவரை மட்டும் எழுத முடியவில்லை.

எங்கள் சொந்தத்தில் பெரும்பாலும் கடைக்காரர்கள். பெரியத்தா சேக் முகைதீன் பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்தார். அத்தாவையும் முதலில் அங்கேதான் உட்காரவைத்தார்கள். வந்த ஆளிடம், "இந்தக் குண்டாவுக்கு அடி சரியில்ல, வேற எங்கயாச்சும் பாருங்க" என்று சொல்லி அனுப்பினாராம். அன்றோடு அவருடைய வியாபாரம் முடிந்தது என்று பெரியத்தா இன்றும் சொல்வார். அதன்பின் ஒரு கிரில் பட்டறையில் வெல்டிங் படித்தார். ஜன்னலுக்கும் கேட்டுக்கும் கம்பி ஒட்டிக்கொண்டிருந்தவரை, ராஜபாளையத்துப் பஞ்சாலைகளுக்குப் புதிய ஷெட்டுகள் எழும்பிய காலம் உயரத்துக்கு ஏற்றிவிட்டது. இரும்புத் தூண்களை நிறுத்தி, அவற்றின்மேல் முக்கோணச் சட்டங்களை ஏற்றி, சட்டத்துக்குச் சட்டம் குறுக்கே நீள இரும்புகளை வரிசையாகப் பற்றவைத்து, அதன்மேல் தகரம் போட்டால் ஷெட். அந்தக் குறுக்கு இரும்புக்குப் பர்லின் என்று பெயர். எங்கள் வீட்டில் சோறு, குழம்பு போல அதுவும் ஒரு சொல்.

அந்த வேலையில்தான் சோணைமுத்து மாமா அவருக்குக் கிடைத்தார். ராஜபாளையத்துக்காரர். ஒல்லியான உடம்பு, நீண்ட கைகள். ஏணி வந்து சேருவதற்குள் தூணைக் கட்டிப்பிடித்து ஏறிவிடுவார். மாமா மேலே நின்று இரும்பை வாங்கிப் பொருத்துவார். அத்தா அதைப் பற்றவைப்பார். கைக்குக் கை அப்படிப் பழகியிருந்ததால் ஒருவரை மட்டும் வேலைக்குக் கூப்பிடும் காண்டிராக்டர் கிடையாது. கூப்பிட்டால் ஜோடியாகத்தான்.

ஒருமுறை நான் சோறு கொண்டுபோனபோது இருவரும் கூரை உச்சியில் இருந்தார்கள். ஜும்ஆ பாங்கு கேட்டு அத்தா அவசரமாக இறங்கப் பார்க்க, மாமா மேலிருந்து கத்தினார்.

"ஏலே பாயி, கீழ எதுக்கு எறங்குத? இங்க இருந்தே ஓது. பக்கம்லா, வெரசாக் கேக்கும்."

"நீ கடைக்கு மட்டும் கீழ எறங்குதேல்ல? அங்க இருந்தே ஊத்திக்கிட வேண்டியதுதான?"

மாமா சிரித்த சிரிப்பில் தகரம் அதிர்ந்தது. ஆனால் அந்தப் பேச்சு உண்மை. அந்த நாட்களில் மாமா நன்றாகக் குடிப்பார். வேலைக்கு ஏறும்போது குடிக்க மாட்டார். இறங்கியபின் விடமாட்டார்.

அவர் மனைவி சுந்தரம்மாள் சத்திரப்பட்டி பக்கம் பேண்டேஜ் துணி வெட்டும் கம்பெனியில் வேலை பார்த்தாள். பிள்ளை இல்லை. உடன்பிறந்தவர்களும் இல்லை. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் தாய் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். இருக்கன்குடி மாரியம்மன் முன்னால் சத்தியம் பண்ணினால் வருகிறேன், இல்லையென்றால் இல்லை என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். மாமா அத்தாவைத்தான் துணைக்குக் கூப்பிட்டார்.

கோவில் வாசலில் செருப்புகளுக்குக் காவலாக நிற்கிறேன் என்று அத்தா ஒதுங்கியிருக்கிறார்.

"ஆத்தா என்ன, ஆதார் கார்டா கேக்கா? வால உள்ள" என்றாராம் மாமா.

சுந்தரம் அத்தை அத்தாவைப் பார்த்து, "எனக்குக் கூடப்பொறந்தவுக யாரும் கெடையாது. நாளப்பின்ன இவரு இல்லன்னு சொன்னா, ஆமான்னு சொல்ல ஒரு ஆளு வேணும். நீங்க எனக்கு அண்ணனா நின்னு கேளுங்க" என்றிருக்கிறாள்.

அத்தா உள்ளே போய் நின்றார். "இனி ஒரு சொட்டு என் நாக்குல பட்டா, ஆத்தா, நீ என்னை எடுத்துக்க" என்று மாமா சொன்னதைத் தம் காதால் கேட்டார். மாமாவின் வலது மணிக்கட்டில் அத்தை மஞ்சள் கயிற்றைக் கட்டினாள். அன்றிலிருந்து அத்தை அவரை 'அண்ணே' என்றும் என் அம்மா சம்சாத்தை 'மதினி' என்றும் கூப்பிடத் தொடங்கினாள். வெறும் மரியாதைக்கு அல்ல. ஆடிச் சீர் மாதிரி அத்தா ஒரு சேலை எடுத்துக் கொடுப்பார். நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சி ராஜபாளையம் வரை போகும். அவள் வீட்டிலிருந்து திரும்பும் தூக்குவாளி ஒருநாளும் வெறுமையாக வந்ததில்லை. ஒரு கட்டு முருங்கைக்கீரையாவது, நாலு முறுக்காவது உள்ளே கிடக்கும்.

மாமா அதன்பின் குடிக்கவில்லை. வெல்டிங் பொறி பட்டுக் கயிறு கருகினால் வேறு கயிறு மாற்றிக் கட்டிக்கொள்வார்.

இனி நடந்தது புரிய வேண்டுமென்றால் அவர்கள் இருவருக்கும் நடுவில் இருந்த ஓர் ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். பர்லினை மேலே வைத்ததும் முழுதாகப் பற்றவைக்க மாட்டார்கள். மட்டம் பார்க்கும்வரை, விரல் நகமளவுக்குப் பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்து நிறுத்துவார்கள். அதற்கு டாக் என்பார்கள். டாக் மட்டும் வைத்த பர்லின் பார்வைக்கு மற்றவற்றைப் போலவே இருக்கும். ஆனால் ஆள் மிதித்தால் தாங்காது. அதனால் அத்தா அதன்மேல் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவார். முழு வெல்டிங் முடிந்ததும் உள்ளங்கையால் குறியை அழித்துவிடுவார். குறி இருந்தால் மிதிக்காதே, இல்லையென்றால் மிதி. வெல்டிங் சத்தத்தில் பேச்சு எடுபடாத உயரத்தில், வாயைத் திறக்காமல் ஒருவர் உயிரை ஒருவர் பார்த்துக்கொண்ட வழி அது. வருடக்கணக்காக அது தவறவில்லை. மழை பெய்தால் கூரை வேலையை நிறுத்திவிடுவார்கள், அதனால்தான் தவறவில்லை. ஆனால் ஆடி மாதம் மலையிலிருந்து இறங்கும் சாரலை ராஜபாளையத்தில் யாரும் மழைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நான் கல்லூரியில் சேர்ந்த வருடம். ராஜபாளையத்துக்கு வெளியே ஒரு புது ஆலைக்கு ஷெட் வேலை நடந்தது. ஆவணி முகூர்த்தத்தில் திறப்புவிழா என்று காண்டிராக்டர் ஐயாதுரை அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். ஒருநாள் சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. கடைசி வரிசைப் பர்லின்கள் டாக்கோடு நின்றன. அத்தா எல்லாவற்றிலும் குறி போட்டுவிட்டு இறங்கினார். இரவில் சாரல் விழுந்தது. தூங்கினவர்களை எழுப்பாத சாரல். விடிந்தபோது தரைகூட நனைந்த மாதிரித் தெரியவில்லை.

காலையில் மாமா முன்னால் ஏறினார். அத்தா கீழே வெல்டிங் வயரை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தார். முந்திய நாள் போட்ட குறிகள் அவர் மனதில் வெள்ளையாக, பளிச்சென்று, அப்படியே இருந்தன. சோணை பார்த்துக்கொள்வான் என்று நினைத்தார். மாமாவும் பார்க்கத்தான் செய்தார். குனிந்து பார்த்தார், குறி இல்லை. இடுப்பு பெல்ட்டின் கொக்கியை அந்தப் பர்லினிலேயே மாட்டிவிட்டு அடுத்த காலை எடுத்து வைத்தார். டாக் விட்டது. பர்லினின் ஒரு முனை கீழே சாய, கொக்கி அதன்மேல் வழுக்கிக்கொண்டே போய், திறந்த முனையில் கழன்றது. மற்றவர்கள் லாரியிலிருந்து தகரம் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பார்த்தது அத்தா ஒருவர்தான்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே மாமாவின் உயிர் போய்விட்டது.

ஐயாதுரை அத்தாவின் தோளில் கைபோட்டு டீக்கடைப் பக்கம் கூட்டிப்போனார். "பாயி, நடந்தது நடந்துபோச்சு. டாக்கு ஒம்மது. விசாரணைன்னு வந்தா மொதல்ல ஒம்மத்தான் உக்காரவைப்பான். ஒமக்குப் பொம்பளப் புள்ள இருக்கு. அவன் சரக்கடிச்சிட்டு ஏறிட்டான்னு நான் சொல்லிக்கிடுதேன். அவன் குடிச்ச கதை ஊருக்கே தெரியும். செத்தவன் மேல போட்டா செத்தவனுக்கு ஒண்ணும் ஆகாது."

அத்தா சரி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

'குடிச்சிட்டு ஏறினானாம்' என்ற பேச்சு பிணத்துக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சுந்தரம் அத்தை கேட்கவில்லை. படித்துச் சொல்ல ஆள் இருந்தது. ஆனால் வாசித்துக் காட்டினால் அது உறுதியாகிவிடுமே என்று பயந்தாள். கிடத்தியிருந்த உடம்பின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் அழாமல் அந்த மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய் அரிவாள்மணையில் இழுத்துக் கயிற்றை அறுத்தாள்.

"ஆத்தா பேரச் சொல்லி என்னை ஏமாத்துன கயிறு இவருக்கு எதுக்கு? எடுத்துக்கன்னு கேட்டாரு, எடுத்துக்கிட்டா" என்றாள்.

கயிறு வாசலில் வந்து விழுந்தது. அத்தா அங்கேதான் நின்றிருந்தார். இருக்கன்குடியில் கேட்டதற்குச் சாட்சி சொல்ல வேண்டிய நேரம் அதுதான். பெண்களின் அழுகைக்கு நடுவில் அவர் வாய் திறக்கவில்லை.

அதன்பின் அந்த வீட்டில் மாமாவின் படத்தை மாட்டவில்லை. அமாவாசைக்கு ஒரு பிடி சோறு வைக்கவில்லை. கேட்டவர்களிடம், "சாமிய ஏமாத்துனவருக்குக் காக்கா வருமா?" என்றாள். நாங்கள் போனால் மட்டும் கொஞ்சம் புலம்புவாள். "நீங்கதான சாட்சி அண்ணே. ஒங்க முன்னால சொன்ன சொல்ல இப்பிடிப் பண்ணிட்டாரே" என்பாள். அத்தா தலையைக் குனிந்துகொள்வார். அம்மா ஒருமுறை, "என்னத்தையோ முழுங்கிக்கிட்டு இருக்கீக. செமிக்காது" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வைகாசியில் நோன்பு வந்தது. எப்போதும்போல் கஞ்சி எடுத்துக்கொண்டு அத்தாவும் நானும் ராஜபாளையம் போனோம். அன்று அமாவாசை கழிந்த மறுநாள். பக்கத்து வீடுகளில் முன்னோருக்குப் படைத்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தை தூக்குவாளியை வாங்கிக்கொண்டு, "உக்காருங்கண்ணே. நோம்போட வந்துருக்கீக, ஒரு வாய் தண்ணிகூடத் தர முடியாது" என்றாள்.

அத்தா உட்காரவில்லை.

"சுந்தரம், தண்ணி படாத நாக்கு இது. நோன்பு வச்ச வாயால சொல்லுதேன். சோணை குடிக்கல."

அத்தை வாளியைக் கீழே வைத்தாள்.

அத்தா எல்லாவற்றையும் சொன்னார். கரண்ட் போனது, சாக்பீஸ் குறி, சாரல், கொக்கி வழுக்கியது. "குடிச்சிருந்தா குனிஞ்சு பாத்துருக்க மாட்டான். கொக்கிய மாட்டியிருக்க மாட்டான். என் குறிய நம்பித்தான் கால வச்சான். டாக்கு என்னுது. நான்தான் காலையில ஏறி ஒருக்கப் பாத்துருக்கணும்."

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"அப்ப அவிய சத்தியத்த மீறல?"

"மீறல."

"அவிய கையில இருந்த கயிற நான் அறுக்கையில நீரு அங்கதான நின்னீரு?"

அத்தாவை அவள் 'நீரு' என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நின்னேன்."

"சாக்பீஸு சாரல்ல போச்சு. அது சாரல் பண்ணுனது. அதுக்கு ஒம்மள நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. ஒம்ம வாய எந்தச் சாரல் அடைச்சுச்சு? அம்புட்டு நாளும் அந்த மனுசன வஞ்சேனே. ஒரு பருக்க சோறு வைக்கலயே. பட்டினியா நின்னுருப்பாரே."

அப்போதுதான் அவள் அழுதாள். கணவர் செத்த அன்று வராத அழுகை. அத்தா நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் அவள் கஞ்சியை வேறு பாத்திரத்தில் ஊற்றி, எங்கள் தூக்குவாளியைக் கழுவி, என் கையில் கொடுத்தாள். உள்ளே ஒன்றும் இல்லை.

மறுநாள் அவள் ஐயாதுரை வீட்டு வாசலில் நின்று தெருவே கேட்கக் கத்தினாளாம். "எம் புருசன் குடிக்கல. எவன் சொன்னாலும் எம் முன்னால வந்து சொல்லட்டும்." யார் உனக்குச் சொன்னது என்று ஐயாதுரை திரும்பத் திரும்பக் கேட்டும் அவள் அத்தாவின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் பார்த்தவர் ஒருவர்தான் என்பது ஐயாதுரைக்கும் தெரியும். அதன்பின் அத்தாவுக்கு ராஜபாளையத்தில் பெரிய வேலைகள் நின்றுபோயின. அத்தை இருக்கன்குடிக்குப் போய்ப் புதுக் கயிறு வாங்கிவந்து மாமாவின் படத்தில் கட்டி, படத்தை மாட்டினாள் என்று கேள்விப்பட்டோம். அத்தா அதைத் திரும்பத் திரும்ப அம்மாவிடம் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"படத்த மாட்டிட்டாளாமே?"

"மாட்டிட்டா."

"கயிறோடயா?"

"கயிறோடதான். எத்தன தரம் கேப்பீக?"

பிறகு வந்த வருடங்களில் அத்தா கிருஷ்ணன்கோவில் பக்கம் சின்னச் சின்ன ஷெட்டுகளில் கிடைத்த ஜோடியோடு வேலை செய்தார். சாக்பீஸைத் தொடுவதை விட்டுவிட்டார். சட்டைப் பையில் ஒரு சின்ன வெள்ளைப் பெயிண்ட் டப்பாவும் துண்டுப் பிரஷும் வைத்திருப்பார். முழுதாகப் பற்றவைத்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு வைப்பார். பொட்டு இருந்தால் மிதி, இல்லையென்றால் மிதிக்காதே. பழைய முறையை அப்படியே தலைகீழாகத் திருப்பிவிட்டார். இது அழிந்தால் வேலைதான் கொஞ்சம் தாமதமாகும், ஆள் போகாது. கூட வேலை செய்தவர்கள், "பாயி பொட்டு வைக்க வந்துட்டாரு, பொண்ணக் கூட்டிட்டு வாங்கடா" என்று கேலி செய்வார்கள். இம்மானுவேல் என்று ஒரு வெல்டர் மட்டும் சிரிக்காமல், தனக்கும் ஒரு பிரஷ் வாங்கிக்கொண்டார்.

எல்லா நோன்புக்கும் கஞ்சி ராஜபாளையம் போனது. ஆனால் கொண்டுபோனது நானோ அம்மாவோதான். எங்களிடம் அத்தை பேசுவாள். மதினி என்பாள், என் படிப்பைக் கேட்பாள், பிறகு என் வேலையைக் கேட்டாள். அத்தாவைப் பற்றிக் கேட்க மாட்டாள். ஓரிருமுறை அத்தா வாசல்வரை வந்தபோது அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். வாளி கழுவித் துடைத்து வெறுமையாகவே திரும்பியது. வீட்டுக்கு வந்ததும் அத்தா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடுவார். எதைத் தேடுகிறார் என்று எங்களுக்குத் தெரியும். 'அண்ணே' என்று அவள் ஒருமுறை கூப்பிட்டால் போதும் என்பதைத் தவிர அந்த வருடங்களில் அவருக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்கு நினைவில்லை.

போன வருடம் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. எத்தனையோ வருடத்து வெல்டிங் புகை நுரையீரலில் படிந்து இறுகிவிட்டது என்றார் மதுரை டாக்டர். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். கட்டிலை வாசலைப் பார்த்துப் போடச் சொன்னார் அத்தா. கதவு அசைந்தால், "ஆரு?" என்பார். பால்காரராக இருக்கும், பெரியத்தாவாக இருக்கும். "ஓகோ" என்று கண்ணை மூடிக்கொள்வார்.

நான் சத்திரப்பட்டிக்குப் போனேன். சாப்பாட்டு நேரம். கம்பெனி வாசலில், தலையிலும் இமையிலும் பஞ்சுத் தூசியோடு அத்தை வெளியே வந்தாள். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"நான் வந்து என்ன செய்யட்டும்? நான் என்ன டாக்டரா?"

"வந்து நின்னாப் போதும் அத்தை."

"கஞ்சியாச்சும் குடிக்காரா?"

"குடிக்கிறதில்ல."

"முருங்கக்கீரைச் சாறு குடுத்தா எறங்குமே." முந்தானைத் தூசியை உதறினாள். "நாளைக்கு லீவு சொல்லிட்டு வாரேன். வாரேன்னு அவருகிட்ட சொல்லாத."

நான் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. மறுநாள் அத்தா முகம் கழுவிவிடச் சொன்னார். பெருநாளுக்கு எடுத்த சட்டையைப் போட்டுவிடச் சொன்னார். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்து, அன்று முழுவதும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ராஜபாளையம் பஸ்ஸும் வந்து போகும் நேரம் அவருக்குத் தெரியும். மழை வேறு பிடித்துக்கொண்டது.

"மழைக்கு நிப்பா. பொறவு வருவா" என்றார்.

இருட்டியபின் சட்டையைக் கழற்றட்டுமா என்று அம்மா கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தார். விடியலில் சுபுஹு பாங்கு சொல்லும்போது அந்தச் சட்டையோடுதான் அவர் உயிர் பிரிந்தது.

வீடு நிறைந்துவிட்டது. குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றிக் கிடத்தியிருந்த நேரத்தில், வாசலில் நின்ற ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் யாரையோ கேட்பது எனக்குக் கேட்டது.

"யாரும்மா? யாரைப் பாக்கணும்?"

"அண்ணன் வீடு."

"எந்த அண்ணன்?"

"இந்த அண்ணன்தான். எங்கண்ணன் வீடுதான் இது. ஏன் இம்புட்டுக் கூட்டம்?"

அத்தைக்கு யாரும் சொல்லி அனுப்பியிருக்கவில்லை. வருகிறேன் என்று சொன்னபடி, ஒருநாள் தள்ளி, கையில் ஒரு தூக்குவாளியோடு அவள் வந்திருந்தாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே உள்ளே கிடத்தியிருந்தவரைப் பார்த்துவிட்டாள். அம்மா எழுந்துபோய் அவள் கையைப் பிடித்தாள்.

"இப்பத்தான் வாரியா சுந்தரம்?"

"நேத்தே பஸ்ஸுல ஏறி உக்காந்தேன் மதினி. டிக்கெட்டும் எடுத்துட்டேன். வண்டி கெளம்பையில எறங்கிட்டேன். என்னன்னு கூப்புடறதுன்னு தெரியல. வாயில வரவே மாட்டேன்னுட்டு. இன்னிக்கு வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன் மதினி."

உள்ளே ஒரு பெரியம்மா, வெளிப் பெண்கள் மையத்தாகிக் கிடக்கும் ஆணின் முகம் பார்க்கலாமா என்று முணுமுணுத்தார். "இவ வெளிப் பொம்பள இல்ல. அவருக்குத் தங்கச்சி" என்று அம்மா அவளைக் கூட்டிப்போய் தலைமாட்டில் நிறுத்தினாள். அத்தை குனிந்தாள். அவள் சொன்னது அறையில் எல்லோருக்கும் கேட்டது.

"அண்ணே."

அவ்வளவுதான். அழுகைகூட இல்லை. பதிலுக்குக் காத்திருப்பவளைப் போலக் கொஞ்ச நேரம் குனிந்தபடியே நின்றாள். அந்த நேரம் என் நெஞ்சிலிருந்து இறங்க மறுக்கிறது.

அத்தாவைச் சுமந்த சந்தூக்கு எழும்பிப் போனபின் ஆண்கள் எல்லோரும் அடக்கத்துக்கு மையவாடிக்குப் போய்விட்டார்கள். சாவு வீட்டில் அடுப்பு எரியாது. சுந்தரம் அத்தை அம்மாவைச் சுவரோரம் உட்காரவைத்து, தூக்குவாளியைத் திறந்து, முருங்கைக்கீரைச் சாற்றை டம்ளரில் ஊற்றினாள். சூடு ஆறியிருந்தது. அம்மா வேண்டாம் என்றாள்.

"அண்ணன் குடிக்கலைன்னாலும் வீட்டுக்கு வந்தது வீணாப் போகக்கூடாது மதினி. ஒரு வாய்."

அம்மா குடித்தாள். மீதியை எனக்குக் கொடுத்தாள். அத்தா கடைசியாக என்ன சொன்னார் என்று அத்தை என்னிடம் கேட்டாள்.

"மழைக்கு நிப்பா, பொறவு வருவான்னாரு" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டே பாத்திரங்களை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

போகும்போது அவள் வாளியை மறந்துவிட்டாள். அது எங்கள் அடுக்களை அலமாரியில் இருக்கிறது. எத்தனையோ தடவை ராஜபாளையம் போக வேண்டிய வேலை வந்தும் அம்மா அதைக் கொடுத்துவிட விடவில்லை. வெறும் வாளியாக எப்படி அனுப்புவது, நோன்பு வரட்டும், கஞ்சி ஊற்றிக் கொடுக்கலாம் என்கிறாள்.